லத்தீன் கேள்வி–பதில்: கூந்தலா, குஞ்சியா, வெறும் மயிரா?

கே: 'முடி' என்பதற்கு லத்தீன் அகராதியில் ஏழெட்டுச் சொற்கள் இருக்கின்றன. மொழிபெயர்ப்புப் பயிற்சியில் எதை எழுதினாலும் சிவப்பு மையில் அடி விழுகிறது. எப்படிப் பிரித்தறிவது? – கல்லூரி மாணவி, திருச்சி

ப: யாருடைய முடி, எந்த நிலையில் இருக்கும் முடி என்று முதலில் பாருங்கள். சந்தேகம் வந்தால் 'கபில்லுஸ்' போடலாம். அது சாதாரணத் தலைமுடி. நாம் "முடி வெட்டினேன்" என்று ஒருமையில் சொல்வதுபோல அதுவும் ஒருமையிலேயே தலை முழுவதையும் குறிக்கும், பன்மையும் உண்டு. பிரித்தானியர் தலையையும் மேலுதட்டையும் தவிர உடம்பெல்லாம் மழிப்பார்கள் என்கிறார் சீசர் (கல்லியப் போர்க் குறிப்புகள், 5.14). அங்கே அவர்களின் தலைமுடி 'கபில்லோ ப்ரோமிஸ்ஸோ'. 'ப்ரோமிஸ்ஸுஸ்' என்றால் இங்கே வெட்டாமல் நீள விட்டது; வாக்களிக்கப்பட்டது என்றும் அதற்குப் பொருள் உண்டு. அதை 'வாக்களிக்கப்பட்ட முடி' என்று எழுதும் விடைத்தாள்கள் ஆண்டுதோறும் வருகின்றன.

'க்ரீனிஸ்' பெரும்பாலும் கூந்தல்: வகிர்ந்தது, பின்னியது அல்லது அவிழ்த்துப் போட்டது. ரோமானிய மணப்பெண்ணின் தலையை ஈட்டிமுனையால் வகிர்ந்து ஆறு புரிகளாக்கி அலங்கரிப்பார்கள். அந்த அலங்காரம் 'சேனீ க்ரீனேஸ்'. கூந்தலை ஐந்து வகையாக முடிக்கும் நம் ஐம்பாலுக்கு ஒன்று கூடுதல். துக்கத்திலும் வேண்டுதலிலும் 'க்ரீனிபுஸ் பஸ்ஸிஸ்' வரும். இந்த 'பஸ்ஸுஸ்' விரித்தல் என்னும் வினையிலிருந்து வந்தது. அதே வடிவில் துன்பப்படுதல் வினையின் எச்சமும் இருப்பதால் 'துயருற்ற கூந்தல்' என்று எழுதிவிடுகிறார்கள். தலைவிரிகோலம் என்று எழுதுங்கள், போதும்.

'கைசரியேஸ்' கவிதைச் சொல்; தோளில் புரளும் அடர்ந்த முடி. பெரும்பாலும் ஆணுக்குரியது, நம் 'குஞ்சி' போல. ஆனால் விதியாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள்: எகிப்து அரசி பெரெனீகேயின் கூந்தலைப் பாடும் 66ஆம் கவிதையில் ரோமானியக் கவிஞர் கத்துல்லுஸ் இதையே கையாள்கிறார்.

'கொமா' கிரேக்கத்திலிருந்து வந்தது. நீண்ட முடி, மரத்தின் தழை இரண்டுக்கும் ஆகும். முடி வளர்த்த கல்லியர் (இன்றைய பிரான்ஸ் பகுதியின் பண்டைய மக்கள்) நாடு 'கல்லியா கொமாட்டா'. நோயாளி நினைவிழக்கும் 'கோமா' வேறு கிரேக்கச் சொல், ஆழ்ந்த உறக்கம் என்று பொருள். குறில் நெடிலை எழுத்திலேயே காட்டும் நமக்கு இந்தக் குழப்பம் வரவே கூடாது.

விலங்குகளுக்கு வந்தால் பிடரி 'யுபா', நம் உளை. சடைமயிர் 'வில்லுஸ்', குடலுறிஞ்சிகளுக்கு மருத்துவம் எடுத்துக்கொண்ட பெயரும் அதுவே. விறைப்பான பன்றிமயிரும் குதிரைவால் மயிரும் 'சைட்டா'. அரச வாழ்வின் ஆபத்தைக் காட்டும் பழங்கதையில் தமோக்லேஸின் தலைக்கு மேல் வாள் தொங்கியது 'சைட்டா எக்வீனா'வில்தான் என்று ரோமானியப் பேச்சாளர் சிசெரோ தெளிவாகவே எழுதியிருக்கிறார். கதை சொல்லும்போது அதை மனித முடியாக்க வேண்டாம்.

கே: சீசர் என்ற பெயருக்கு 'முடி நிறைந்தவர்' என்று பொருளா? – வாசகர், யாழ்ப்பாணம்

ப: 'கைசரியேஸ்', அதாவது அடர்ந்த தலைமுடியோடு பிறந்ததால் வந்த பெயர் என்பது பண்டைய விளக்கங்களில் ஒன்று. தாயின் வயிற்றைக் கீறி எடுத்ததால் வந்தது என்கிறார் ரோமானிய அறிஞர் ப்ளீனியுஸ். இரண்டையும் வரலாறாகக் கொள்ள முடியாது. ஜூலியஸ் சீசர் பிறப்பதற்கு முன்பே அது குடும்பப் பெயராக இருந்தது. அவரோ வழுக்கை. உச்சியிலிருந்து முடியை முன்னால் வாரி மறைப்பார், வாகைமாலை சூடும் உரிமையை விடாமல் பயன்படுத்திக்கொண்டார் என்று அவர் வரலாற்றை எழுதிய ஸ்வெடோனியுஸ் போட்டுடைக்கிறார்.

கே: 'பிலுஸ்' என்றால் மயிர். அப்படியானால் 'ப்ரீமுஸ் பீலுஸ்' என்ற ரோமானியப் படைப்பதவி? – வாசகர், மதுரை

ப: உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. குறில் 'பிலுஸ்' ஒற்றை மயிர். தலையோ காலோ ஆடோ, எங்கு முளைத்தாலும் சரி. நெடில் 'பீலுஸ்' படைப்பிரிவு. எறியீட்டியான 'பீலும்' அதன் உறவு. 'பிலா' பந்து, 'பீலா' தூண் அல்லது உரல்.

'பிலீ நோன் ஃபகெரே' என்றால் மயிரளவும் மதிக்காமை. 'பிலீ' என்பது மதிப்பைக் காட்டும் ஆறாம் வேற்றுமை. வேறு வேற்றுமை போட்டால் தொடர் உடைந்துவிடும். நம் தெருப்பேச்சின் காரம் அதில் இல்லை. சிசெரோ தம்பிக்கு எழுதிய கடிதத்திலேயே 'ஒரு மயிரளவும் குறையாமல்' என்று எழுதுகிறார்.

கே: தாவரப் பெயர்களிலும் இவை வருகின்றனவே? – தாவரவியல் ஆசிரியை, கோவை

ப: நிறையவே. ஆனால் அங்கே மயிரின் தன்மைதான் கணக்கு. அன்னாசி 'கொமோசுஸ்', உச்சிக் கொண்டையால். பருத்தியில் ஒரு வகை 'ஹிர்சூட்டும்': பரட்டை மயிர் கொண்டது. சிறுபீளை 'லானாட்டா': 'லானா' என்றால் ஆட்டு ரோமம். சாம்பல்பூசணி 'ஹிஸ்பிடா', அதாவது சொரசொரப்பான முள்மயிர் உடையது. கடையில் வாங்கும் காயைத் தடவிப் பார்த்து இந்தப் பெயரைச் சந்தேகிக்க வேண்டாம். பிஞ்சில் அந்த மயிர் இருக்கும். முற்ற முற்ற உதிர்ந்து சாம்பல் பூத்த மெழுகுப் படிவம் நிற்கும்.