மணமூட்டிய தேயிலையையும் வெறும் தேயிலையையும் எப்படி ஒப்பிட்டுச் சுவைப்பது?

வெறும் தேயிலை இலையின் இயல்பான சுவையை மட்டுமே தருவது. மணமூட்டிய தேயிலையில் வேறொரு வாசனை ஏற்றப்பட்டிருக்கும். எர்ல் கிரே என்னும் மணமூட்டிய வகையில், எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த பெர்கமாட் பழத்தோலின் எண்ணெய் சேர்கிறது. மல்லிகைத் தேயிலையோ பூக்களோடு கலந்து வைக்கப்பட்டு அவற்றின் மணத்தை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால்தான் அது அத்தனை மென்மையாக இருக்கிறது.

துவர்ப்பும் கசப்பும் வாயில் தெரிபவை, மணத்தை அறிவது மூக்கு. அத்தர் பூசியவர் அருகில் நின்றால் கையிலுள்ள பூவின் மணம் தெரியாததுபோல, சேர்த்த வாசனை இலையின் மெல்லிய மணத்தை மூடிவிடும் என்பதால், வெறும் தேயிலையையே முதலில் பருக வேண்டும். 100 மி.லி. கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்பது ஒப்பிடுவதற்கான சர்வதேச முறை. இப்படி ஊறிய தேநீர் கடுமையாக இருந்தாலும் இலையின் குறையை அது மறைக்காது.

மணம் தூக்கலாக இருந்தால் தேநீர் திடமானது என்று பலர் கருதுகின்றனர். ஆனால் திடத்தைத் தருபவை இலையும் அளவும் ஊறும் நேரமுமே.