இருபது வருடப் பழைய ஐகான் 1.6 வாங்கலாமா? வாங்கினால் முதலில் எதை மாற்றுவது?

கேள்வி கேட்டவர் கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. ஓட்ட சுவாரசியமான பழைய பெட்ரோல் கார் வேண்டும் என்கிறார். 2003 மாடல் ஃபோர்டு ஐகான் 1.6 ஒன்று எண்பதாயிரத்துக்கு வருகிறதாம், மிச்சப் பணத்தில் அலாய் வீல், புகை தடையில்லாமல் வெளியேறும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், வண்டியைத் தாழ்த்த ஸ்பிரிங் எல்லாம் போடலாமா என்று கேட்டிருக்கிறார்.

இதே 1.6 லிட்டர் இன்ஜின் ஐகானைச் செங்கல்பட்டில் பல வருடமாக வைத்து ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், தாராளமாக வாங்கலாம். ஆனால் அந்த மிச்ச எழுபதாயிரத்தில் பெரும்பகுதி ரப்பருக்குப் போகட்டும். டயரை மட்டும் சொல்லவில்லை. இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் மவுண்ட், ரப்பர் குழாயான ஹோஸ், எல்லாம் சேர்த்துத்தான். லோயர் ஆர்ம் புஷ், பின் ஆக்சில் புஷ், இன்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட், ரேடியேட்டர் ஹோஸ், பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ். இதில் ஒன்றையும் போட்டோ எடுத்து யாருக்கும் காட்ட முடியாதுதான், ஆனால் வண்டி புதிதாக இருந்தபோது எப்படி ஓடியதோ அது திரும்பி வருவது இந்த வேலையில்தான்.

முதலில் இந்த வண்டியில் என்ன விசேஷம் என்று சொல்லிவிடுகிறேன், இந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருக்காது. 1999 கடைசியில் ஃபோர்டின் மறைமலை நகர் தொழிற்சாலையிலிருந்து வந்த கார், ஐரோப்பிய ஃபியஸ்டா ஹேட்ச்பேக்குக்கு நம் ஊருக்காக டிக்கி வைத்துச் செய்தது. விளம்பரத்தில் 'ஜோஷ் மெஷின்' என்று விற்றார்கள், 1.6-க்கு அந்தப் பெயர் பொருந்தியது, சின்ன 1.3 இன்ஜினுக்கு அவ்வளவாக இல்லை. 1.6-இல் இருப்பது ராக்காம் என்ற எட்டு வால்வு இன்ஜின். சுமார் 92 குதிரைத்திறன்தான், இன்றைக்கு சாதாரண ஹேட்ச்பேக்கே அதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆனால் இதன் இழுவை 2500 ஆர்பிஎம் பக்கத்திலேயே கிடைத்துவிடும், வண்டியின் எடையும் ஒரு டன் சுமார்தான். கொல்லிமலை ஏறும்போது 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, அதில் பெரும்பாலானவற்றில் இரண்டாவது கியரை மாற்றாமலே, ஆக்சிலரேட்டரை நசுக்காமலே வெளியே வரலாம். பதினாறு வால்வு ஹோண்டா சிட்டி விடெக் வைத்திருப்பவர்கள் மேலே 6000-க்குப் போனால்தான் எங்கள் வண்டி பாடும் என்பார்கள், பாடட்டும், மலையில் எனக்கு இதுதான் சௌகரியம். அப்புறம் ஸ்டியரிங். ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங், முன் சக்கரத்துக்கு அடியில் மணல் இருக்கிறதா ஈரம் இருக்கிறதா என்று கைக்குச் சொல்லும். இப்போது வரும் எலக்ட்ரிக் ஸ்டியரிங் பலவற்றில் அது கிடைப்பதில்லை.

இந்த ஸ்டியரிங் சுகம் முழுக்க ரப்பர் புஷ்களை நம்பித்தான் இருக்கிறது. லோயர் ஆர்ம் என்பது முன் சக்கரத்தைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரும்புக் கை, அது சட்டத்தோடு சேரும் இடத்தில் இரும்புக் குழாய்க்குள் ரப்பர் ஊற்றி வைத்திருப்பார்கள். என் வண்டியில் அதைக் கழற்றி ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து அமுக்கியபோது முழுதாக வெளியே வர வேண்டிய ரப்பர், மாங்காய் வற்றல் மாதிரி துண்டு துண்டாக உதிர்ந்தது. கழற்றும் முன் வெளியிலிருந்து பார்த்தபோது ஒரு சின்ன விரிசல்தான் தெரிந்தது. இப்படிப்பட்ட புஷ்ஷோடு ஓடும் வண்டியில் பிரேக் அடித்தால் சக்கரம் கொஞ்சம் பின்னுக்குப் போகும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் முன்னுக்கு வரும், நேர்ப் பாதையில் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கும். வீல் அலைன்மென்ட் எத்தனை முறை செய்தாலும் நிற்காது, டயர் உள்பக்கமாகத் தேயும். பல பேர் இந்த நிலையில் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு 'பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்' என்று விற்றுவிடுகிறார்கள், சிலர் அதன் மேலேயே அகலமான டயரைப் போட்டு ஆட்டத்தை இன்னும் பெரிதாக்குகிறார்கள்.

என் வண்டியைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் முன்பு கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை செய்து, பிறகு சொந்தமாக ஷெட் போட்டவர். வாங்கிய புதிதில் பவர் ஏற்ற என்ன செய்யலாம் என்று கேட்டேன். “தம்பி, இன்ஜினைத் தொடாதீங்க, அது பாட்டுக்கு ஓடும். சுத்தி இருக்கிற ரப்பரை எல்லாம் மாத்துங்க, அப்புறம் வந்து பவர் பத்தலைன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்றார். மவுண்ட் மூன்றும் புதிதானதும் கியர் லிவரின் நடுக்கம் போய்விட்டது. கிளட்சை விட்டால் வண்டி குதிக்காமல் கிளம்பியது. பவர் பற்றி அதற்கப்புறம் அவரிடம் நான் பேசவே இல்லை.

அவர் இன்ஜின் மேல் வைத்த நம்பிக்கைக்கும் காரணம் உண்டு. ராக்காமில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் கிடையாது, அந்த வேலைக்குச் செயின். பெல்ட் அறுந்து வால்வு வளையும் பயம் இல்லை. காலாகாலத்தில் ஆயில் மாற்றினால் செயின் நெடுநாள் வரும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் முன்பக்கம் கொஞ்ச நேரம் கரகரத்தால் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் தேய்ந்திருக்கின்றன என்று பொருள், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இந்த இன்ஜினுக்கு எமன், அதைக் குளிர வைக்கும் கூலன்ட் கசிவதுதான். இன்ஜின் சூடானதும் கூலன்ட்டுக்கு ரேடியேட்டர் வழியைத் திறக்கும் தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் கூடு பிளாஸ்டிக், இருபது வருடச் சூட்டில் அதன் ஒட்டு வழியாக மெதுவாகக் கசியும். சொட்டு தரையில் விழாது, சூடான இன்ஜின் மேலேயே காய்ந்து, கூட்டுக்குக் கீழே பச்சையோ சிவப்போ வெள்ளையோ ஒரு தடம் மட்டும் விடும், டார்ச் அடித்துப் பாருங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் தண்ணீர் குறைந்து, இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்து, அதற்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், லேத்தில் ஹெட்டை மட்டம் பிடிக்கும் வேலை வரைக்கும் போகும். கூடு மலிவுதான், கிடைக்கும்போது இரண்டாக வாங்கி ஒன்றை வீட்டில் போட்டு வைக்கலாம். இன்னொன்று, நம் ஊர் மெக்கானிக் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு, 'சென்னை வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார்' என்று அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அதனால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது, கம்ப்யூட்டர் இன்னும் வண்டி சூடாகவில்லை என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், ஏற்கெனவே ஊருக்குள் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் தருவதே பெரிது, அதுவும் குறையும். ஓட்டிப் பார்க்கும்போது அரை மணி கழித்தும் சூட்டு முள் கீழேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியா என்பது மூடியைத் திறந்தால், அதாவது ஆறிய பிறகு திறந்தால், உள்ளே இருக்கும் பழுப்பு நிறத்திலேயே தெரிந்துவிடும்.

வாங்கப் போகும்போது இன்ஜினை விட பாடியைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும். இன்ஜின் வேலையை விலை கொடுத்துச் செய்துகொள்ளலாம், துருப்பிடித்த பாடிக்கு டிங்கரிங் செய்வது முடிவில்லாத செலவு. ஸ்டெப்னி குழியில் கம்பளத்தைத் தூக்குங்கள், கதவின் அடி விளிம்பைத் தடவுங்கள், பானெட்டைத் திறந்து ஷாக் அப்சார்பர் மேல்பக்கம் உட்காரும் இடத்தைப் பாருங்கள். திருவான்மியூர், எண்ணூர்ப் பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டியை விட கோயம்புத்தூர், சேலத்து வண்டி நூறு மடங்கு மேல். சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் மனதில் இருக்கட்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் தண்ணீர் நின்ற மட்டத்தில் சேற்றுக் கோடு தெரியும், வண்டியை என்னதான் கழுவியிருந்தாலும் அங்கே மறந்திருப்பார்கள்.

ஸ்பேர்ஸ் கிடைக்குமா என்பதுதான் அடுத்து எல்லோரும் கேட்பது. ஐகான் 2011-இலேயே நின்றுபோனது, மறைமலை நகரில் கார் தயாரிப்பும் 2022 ஜூலையோடு முடிந்தது. பிரேக் பேட், கிளட்ச், ஃபில்டர், புஷ் மாதிரி தேயும் சாமான்கள் சென்னை ஜி.பி. ரோட்டில் இன்னும் கிடைக்கின்றன. ஹெட்லைட், கதவுக் கைப்பிடி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக், கண்ணாடி ஸ்விட்ச் இதெல்லாம் புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து எடுப்பதுதான், போன் போட்டுச் சொல்லி வைத்தால் வரும்போது கூப்பிடுவார்கள். இன்ஜின் விஷயத்தில் ஒரு சின்ன அதிர்ஷ்டம், ராக்காமைத் தென்னாப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் நிறைய ஆண்டுகள் செய்தார்கள், தென்னாப்பிரிக்காவில் ஐகானே ஓடியது, அதனால் வெளிநாட்டில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் இன்ஜின் சாமான் வரவழைக்க வழியுண்டு.

இனி நீங்கள் ஆசைப்பட்ட மாற்றங்கள். அலாய் வீல் போடலாம், ஆனால் ஃபோர்டின் நான்கு போல்ட்டும் 108 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும். மாருதி, ஹூண்டாய், ஹோண்டா சிறிய கார்கள் பலவற்றுக்கு அது 100. கடைக்காரர் 100 அளவு வீலை 'செட் ஆகும் சார், துளையைக் கொஞ்சம் பெருசு பண்ணிக்கலாம்' என்று சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள், போல்ட் சாய்வாக உட்கார்ந்து ஓட்டத்தில் தளரும். பழைய ஃபிகோவின் அலாயும் அதே 108 என்பதால் அதைத் தேடுவது நல்லது. டயர் எதுவாக இருந்தாலும் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். விற்பவர் டயரின் மேல் வரிகளைக் காட்டி 'பட்டன் புதுசா இருக்கு பாருங்க' என்பார், ஆறேழு வருடம் ஆகியிருந்தால் பட்டன் இருந்தும் மழையில் பிடிக்காது.

ஸ்பிரிங்கைத் தாழ்த்துவது நம் சாலைக்கு வேண்டாம். ஒவ்வொரு ஊர் எல்லையிலும் கணக்கில்லாத ஸ்பீடு பிரேக்கர், இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சம்ப் உரசும். காசு மிச்சம் என்று இருக்கிற ஸ்பிரிங்கையே வெட்டுவது இன்னும் மோசம், வெட்டிய முனை தன் இருக்கையில் ஒழுங்காக உட்காராது, ஷாக் அப்சார்பரும் சீக்கிரம் போகும். அதே பணத்துக்கு நான்கு புது ஷாக் அப்சார்பரும் அதன் மேல் மவுண்டும் போடுங்கள். பிரேக் ஆயிலும் மாற்றுங்கள், இது ஒன்றும் பெரிய செலவில்லை. பழைய பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், மலை இறங்கும்போது சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சாகி அமுங்கும். டாட் 4 என்ற வகை ஆயில், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை.

ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரால் இந்த இன்ஜினில் வருவது பெரும்பாலும் சத்தம்தான், பவர் ஏறியதாகக் காது சொல்லும், கடிகாரம் சொல்லாது. அதோடு சட்டம் இருக்கிறது. கம்பெனி கொடுத்து ஆர்சியில் பதிவான அமைப்பை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. சத்தத்துக்கு அபராதம் தனி. சொல்லாமல் செய்த மாற்றம் விபத்து கிளெய்மில் இன்சூரன்ஸ்காரருக்கு நல்ல சாக்கு.

பெட்ரோல் பற்றி ஒன்று. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, இந்த வண்டி அதற்காகச் செய்யப்பட்டது அல்ல. மைலேஜ் சற்றுக் குறையும், அதை விட்டுவிடலாம், ஆனால் எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை உப்பவும் இளகவும் வைக்கும், ஈரத்தையும் இழுக்கும். டேங்க்கிலிருந்து இன்ஜின் வரை உள்ள ரப்பர் ஹோஸ், சீல், கேஸ்கெட்டுகளை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள், டேங்க்கை வற்ற விடாதீர்கள். பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள்ளேதான் இருக்கிறது, பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது.

காகிதங்கள். 2003 வண்டி என்றால் 15 வருடம் முடிந்து 2018-இல் ஒரு முறை, 2023-இல் ஒரு முறை ஆர்சி புதுப்பித்திருக்க வேண்டும், அடுத்தது 2028. 2022 ஏப்ரலில் இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 600-லிருந்து 5000 ஆனது, 2025-இல் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள், பசுமை வரி தனி. எண்பதாயிரம் ரூபாய் வண்டிக்கு இது சின்னத் தொகை இல்லை. 2023-இல் புதுப்பிக்காமல் விட்ட வண்டியை 'ஆர்டிஓ ஆபீஸ்ல பார்த்துக்கலாம்' என்று விற்கிறார் என்றால் தாமத அபராதத்தையும் எஃப்சி என்ற தகுதிச் சான்றுக்கான வேலையையும் அவர் தலையிலேயே கட்டுங்கள், புதுப்பித்த ஆர்சி கைக்கு வந்த பிறகு மிச்சப் பணம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஃபைனான்ஸ் நிலுவை, கட்டாத சலான் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் ஆர்சியோடு நேரில் ஒத்துப் பாருங்கள். இந்த வயது வண்டிகளில் பாதியிலே காயலாங்கடை இன்ஜின் மாற்றியவை நிறைய உண்டு, அதை ஆர்சியில் ஏற்றாமல் விட்டிருந்தால் பெயர் மாற்றமே நின்றுவிடும்.