அந்தச் சின்ன மாத்திரையின் பெயர் என்ன?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது, தறி நெய்பவர். நுரையீரலில் வெள்ளைத் திட்டு. சளியில் கிருமி இல்லாவிட்டாலும் இரண்டு மாதமாக டிபி மாத்திரை சாப்பிடுகிறார். இருமல் நிற்கவில்லை. எடை 64 கிலோவிலிருந்து 57 ஆகிவிட்டது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. சிடி பார்த்த டாக்டர், 'லிம்போமாவாக இருக்கலாம், சதை எடுக்கணும்' என்கிறார். ஊசி பட்டால் பரவிவிடும் என்று இன்டர்நெட்டில் போட்டிருக்கிறது. மெடிக்கலில் வாங்கிய சின்ன மாத்திரையில் கொஞ்சம் தேவலை. என்ன செய்வது?
- மகள், குடியாத்தம்

பதில்: பரவாதும்மா. லிம்போமா ரத்தத்திலும் நிணநீரிலும் ஓடுகிற அணுக்களில் வரும் புற்றுநோய். ஊசி போய் அதற்குப் புது வழி திறந்துவிடப் போவதில்லை. ஆரஞ்சு நிறம் ரிஃபாம்பிசின் என்ற டிபி மாத்திரையின் சாயம், விடுங்கள்.

எனக்குப் பயம் அந்தச் சின்ன மாத்திரைமேல்தான். அட்டையைப் படியுங்கள். பிரட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. லிம்போமாவைக் கொஞ்ச நாள் கரைத்துக் காட்டும். இருமல் குறையும், பசி எடுக்கும், திட்டுகூடச் சுருங்கும். அப்போது சதை எடுத்தால் ரிப்போர்ட்டில் ஒன்றும் தெரியாமல் போகலாம். நோய் உள்ளேயே இருக்கும். பல நாளாகச் சாப்பிடுகிறார் என்றால் திடீரென நிறுத்தவும் கூடாது, அதுவே ஆபத்து. நாளைக்கே டாக்டரிடம் அட்டையைக் காட்டுங்கள்.

முதலில் டிபி என்று நினைத்ததைக் குறை சொல்ல மாட்டேன். நுரையீரலிலேயே தொடங்கும் லிம்போமா, நுரையீரல் புற்றுகளில் நூற்றில் ஒன்றுகூட இருக்காது. படத்தில் ஆறாத நிமோனியா மாதிரியோ டிபி மாதிரியோதான் தெரியும். ஆனால் சளியில் கிருமி இல்லை, இரண்டு மாத மாத்திரைக்கும் அசையவில்லை, ஏழு கிலோ போய்விட்டது என்றால், சதை எடுத்துப் பார்க்காமல் இனி ஒரு மாதம்கூட ஓட்டக் கூடாது. அதுவரை டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மெல்லிய ஊசியில் உறிஞ்சும் அணுக்கள் மட்டும் போதாது, துண்டாகச் சதை வேண்டும். பிராங்கோஸ்கோப்பியில், அதாவது மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும்போது, கிள்ளியது 'வெறும் அழற்சி' என்று வந்தால் நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள், மறுபடி எடுக்க நேரலாம். சில சமயம் சாவித்துளை ஆபரேஷன் வரைக்கும் போகும். ஒரு துண்டை, சதை கெடாமல் வைக்கும் திரவமான ஃபார்மலினில் போடாமல் டிபி பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது.

லிம்போமாவாகவே இருந்தாலும், நுரையீரலில் அதிகம் வருவது மெதுவாக வளரும் வகை. சிகிச்சையோடு பல வருஷம் நன்றாக இருப்பவர்கள் உண்டு.

வேலூர் ஒரு மணி நேர பஸ்தான். மாத்திரை அட்டை, பழைய எக்ஸ்ரே, சிடி படம் எல்லாம் ஒரே மஞ்சள் பையில் வரட்டும். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படம் வேண்டும்.