பந்தை நம்பி வெளிநாடு அனுப்பலாமா?

அன்புள்ள ஐயா,

ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் வெளிநாட்டில் தொழில்முறைக் கூடைப்பந்து ஆடப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவள் அறைச் சுவரில் கெய்ட்லின் கிளார்க்கின் படம் ஒட்டியிருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டபிள்யூஎன்பிஏ என்பது அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். அதன் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2024இல் முதல் ஆளாகத் தேர்வானவர் கிளார்க். லீக் அவருக்குக் கொடுத்த முதல் ஆண்டுச் சம்பளம் 76,535 டாலர். அமெரிக்காவில் அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் அதைவிடக் கூடுதலாகவே வாங்குவார். கிளார்க்குக்குக் கோடிகள் வந்தது விளம்பரங்களில். 2025இல் அந்த லீக்கில் 13 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 12 பேர். ஆக, உலகம் முழுவதற்கும் 156 இடங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் ஓராண்டு எம்பிபிஎஸ் இடங்களே 250. நீட் தேர்வுக்குப் பயப்படும் நாம் இதற்கு எவ்வளவு பயப்பட வேண்டும்! சென்னையில் தெற்கு ரயில்வேக்கு ஆடிய கீது அன்னா ஜோஸ் 2011இல் டபிள்யூஎன்பிஏ அணிகளின் தேர்வுக்குச் சென்றார். ஆறடிக்கு மேல் உயரம், ஆஸ்திரேலிய கிளப்பில் ஆடிய அனுபவம், எல்லாம் இருந்தும் இடம் கிடைக்கவில்லை.

ஆனால் பிழைப்பு அந்த 156 இடங்களில் மட்டும் இல்லை. துருக்கி, இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் சம்பளம் தரும் கிளப்புகள் இருக்கின்றன. டபிள்யூஎன்பிஏ நட்சத்திரங்களே பல்லாண்டுகள் குளிர்காலத்தில் அங்கே போய்த்தான் சம்பாதித்தார்கள். 2015இல் அப்படிப்பட்ட நட்சத்திரம் டயானா டோராசிக்கு ரஷ்ய கிளப் ஒன்று, அமெரிக்க சீசனில் ஆடாமல் ஓய்வெடுக்கவே பணம் கொடுத்தது. அதே ரஷ்யாவில் 2022இல் இன்னொரு நட்சத்திரமான பிரிட்னி கிரைனர் விமான நிலையத்தில் கைதாகி, டிசம்பரில்தான் விடுதலையானார். அவரது பையில் கஞ்சா எண்ணெய் இருந்ததாக வழக்கு. போகும் நாட்டின் சட்டத்தைப் படிக்காமல் பெட்டி கட்டக்கூடாது.

நீங்கள் பயப்பட வேண்டிய இடம் ஆடுகளமல்ல, ஒப்பந்தத் தாள். சென்ற ஆண்டு ஒரு மாணவி, ஐரோப்பிய கிளப் ஒன்று அனுப்பிய வரைவைக் கொண்டுவந்தாள். மாதச் சம்பளம் பளிச்சென்று முதல் பக்கத்திலேயே இருந்தது. வரி யார் கட்டுவது என்று எங்கும் இல்லை. நான்காம் பக்கத்தில் ஒரு நிபந்தனை: காயத்தால் முப்பது நாள் ஆட முடியாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. 2019இல் பிரியானா ஸ்டூவர்ட் போன்ற டபிள்யூஎன்பிஏ நட்சத்திரமே ஹங்கேரியில் நடந்த ஐரோப்பிய இறுதிப்போட்டியில் குதிகால் நாண் அறுந்து, அந்த ஆண்டின் டபிள்யூஎன்பிஏ சீசன் முழுவதையும் இழந்தார். இவள் எந்த மூலைக்கு? அந்த நிபந்தனையை நீக்கச் சொன்னோம். வரி பிடித்தபின் கையில் வரும் தொகை, வீடு, விமான டிக்கெட், மருத்துவச் செலவு, தகராறு வந்தால் பன்னாட்டுக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் நடுவர் மன்றத்துக்குப் போகும் உரிமை, எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டோம். ஏஜென்ட் என்று வருபவரிடம் அந்தச் சம்மேளனத்தின் உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் மகளுக்கு இப்போது இதெல்லாம் தேவையில்லை. அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகைக்கு முயலட்டும். ஆட்டமும் பட்டமும் சேர்ந்து கிடைக்கும் வழி அது. அங்கே கல்லூரி விளையாட்டில் மூன்று பிரிவுகள் உண்டு. முதல் இரண்டு பிரிவுக் கல்லூரிகள் பெரும்பாலும் விளையாட்டுக்கு உதவித்தொகை தருகின்றன; மூன்றாம் பிரிவில் அது கிடையாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண்களைப் பார்ப்பார்கள் என்பதால், பயிற்சியைக் காட்டிக் கணக்கு வகுப்புக்கு மட்டம் போடுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். காசுக்கு ஆடும் எந்த ஒப்பந்தத்திலும் இப்போது கையெழுத்து வேண்டாம். கல்லூரித் தகுதியே சிக்கலாகிவிடும்.

அடுத்த போட்டியில் இரண்டு முழு ஆட்டங்களை வெட்டாமல் படம்பிடித்து அனுப்புங்கள். அவள் பந்தைப் பறிகொடுக்கும் இடங்களை நீக்கிவிடாதீர்கள். பறிகொடுத்த பிறகு எவ்வளவு வேகமாகத் திரும்பி ஓடுகிறாள் என்பதைத்தான் பயிற்சியாளர்கள் பார்ப்பார்கள்.