25ஆ, 30ஆ? கமராக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சாமத்திய வீடு, கலியாண வீடு எடுக்க ஒரு கமரா வாங்கப் போகிறேன். கடைக்காரர் எல்லாரும் 4கே, 4கே என்கிறார்கள். கெனன் 200டி மார்க் 2, கெனன் ஆர்50, சோனி இசட்வி-ஈ10 மூன்றில் எதை எடுக்கலாம்?
– வாசகர், கோண்டாவில்

பதில்: 4கே, அதாவது முழு எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளி உள்ள வீடியோ, என்று மூன்று பெட்டியிலும் எழுதியிருக்கும். மூன்றிலும் அது ஒரே சரக்கு அல்ல. 200டி மார்க் 2இல் 4கே போட்டவுடன் கமரா நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும். முழு எச்டியில் மணவறை முழுவதும் அடங்கிய அதே 18 மில்லிமீற்றர் லென்ஸில் இப்போது இரண்டு பக்கத் தூணும் வெளியே போய்விடும். பின்னுக்குப் போக மண்டபத்தில் இடம் இருக்காது. அதோடு அந்தக் கமராவின் நல்ல ஓட்டோ போக்கஸ் 4கேயில் வேலை செய்யாது. முகத்தைத் தேடி முன்னும் பின்னும் அலையும். முழு எச்டிக்கு அது குறையில்லாத கமரா. 4கேக்காக வாங்குவது வீண்.

ஆர்50 சென்சரின் (படம் விழும் சில்லின்) முழு அகலத்திலும் 4கே எடுக்கும். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூபைண்டரும் உண்டு. நல்லூர்த் தேரன்று காலை வெயிலில் பின்திரையில் ஒன்றும் தெரியாது என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. இசட்வி-ஈ10இல் வியூபைண்டர் இல்லை. ஆனால் ஹெட்போன் குத்தும் துளை அதில் இருக்கிறது, மற்ற இரண்டிலும் இல்லை. விநாடிக்கு 25 பிரேமில் (படத்தில்) அதுவும் முழு அகலம்தான். 30க்குப் போனால்தான் கொஞ்சம் வெட்டும்.

கலியாண வீட்டுக்கு என்றால் எங்கள் தெரிவு இசட்வி-ஈ10. காரணம் ஒலி. மைக் அளவை ஓட்டோவில் விட்டால் என்ன நடக்கும்? ஐயர் மெல்ல மந்திரம் சொல்லும்போது கமரா ஒலியை ஏற்றி வைத்திருக்கும். கெட்டிமேளம் விழுந்த கணத்தில் தவிலும் நாதஸ்வரமும் வெடித்துக் கரகரக்கும். உடனே கமரா அளவை இறக்கும். மேளம் நின்றபின் திரும்ப ஏற்ற அதற்குச் சில விநாடி வேண்டும். அந்த இடைவெளியில் சொன்ன ஆசீர்வாதம் போய்விடும். ஆகவே மனுவலில் வையுங்கள். மேளகாரர் தொடக்கத்தில் வாசிக்கும்போதே மீற்றரைப் பார்த்து, உச்சம் -6 டெசிபெலைத் தாண்டாதபடி நிறுத்துங்கள். ஹெட்போன் இல்லாவிட்டால் மைக் வயர் கழன்றதுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

கையிலுள்ள காசு முழுவதையும் கமராவில் கொட்ட வேண்டாம். கூட வரும் 16-50 லென்ஸ் மண்டப வெளிச்சத்துக்கு இருட்டு, வெளிச்சம் கூட வாங்கும் எப் 1.4 அல்லது 1.8 லென்ஸ் ஒன்றுக்கு மிச்சம் பிடியுங்கள். பற்றரி மூன்று வேண்டும். விநாடிக்கு 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி போகும். வி30 என்ற வேக முத்திரை உள்ள 128 ஜிபி காட் இரண்டே முக்கால் மணித்தியாலம் வரை தாங்கும்.

கேள்வி: பெரியப்பா கனடாவிலிருந்து ஒரு பழைய சோனி கமரா கொண்டுவந்து தந்தார். வெளியில் எடுத்தால் வடிவாக இருக்கிறது. மண்டபத்துக்குள் எடுத்தால் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஓடுகின்றன. கமரா பழுதா?
– வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: பழுதில்லை. அது கனடாக் கரண்டுக்கு ஏற்றபடி இருக்கிறது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. நம் ரியூப் லைற்றும் மலிவு எல்ஈடியும் விநாடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன. ஷட்டர் (ஒரு பிரேம் ஒளி வாங்கும் நேரம்) 1/50 விநாடி என்றால் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும், 1/100 என்றால் ஒன்று. 1/60இல் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடையில் நிற்கும். மிச்சம்தான் பட்டையாக ஓடுகிறது. மெனுவில் என்டிஎஸ்சி (60 ஹெர்ட்ஸ் நாட்டு முறை) / பால் (PAL, 50 ஹெர்ட்ஸ் நாட்டு முறை) தெரிவு இருந்தால் பாலுக்கு மாற்றி 25 பிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். மாற்றும்போது காட்டைப் போர்மட் பண்ணச் சொல்லும், முதலில் படங்களை இறக்கிவிடுங்கள். வட அமெரிக்காவில் விற்ற பழைய கமராக்கள் சிலவற்றில் இந்தத் தெரிவே கிடையாது. அப்படியானால் 30 பிரேமிலேயே ஷட்டரை மட்டும் 1/50 அல்லது 1/100க்குக் கொண்டுவாருங்கள், பட்டை நிற்கும்.

கரண்ட் நின்று மண்டபத்தில் ஜெனரேற்றர் ஓடத் தொடங்கினால் பட்டை மெல்ல ஊர்ந்து திரும்ப வரலாம். சின்ன ஜெனரேற்றர்கள் அச்சொட்டாக 50இல் நிற்பதில்லை. அந்த நேரம் ஷட்டரை ஒரு படி மேலே, ஒரு படி கீழே தட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

கேள்வி: கமராவில் எடுத்த 4கே பைலை டாவின்சி ரிசோல்வ் என்ற வெட்டும் மென்பொருளில் போட்டால் லப்டொப் சிக்கிச் சிக்கி ஓடுகிறது. போனில் போட்டுப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. 'கொன்வேர்ட் பண்ணு' என்கிறார்கள். எதற்கு மாற்றுவது? தரம் குறையாதா?
– மாணவி, திருநெல்வேலி

பதில்: பார்ப்பதற்குச் செய்த பைலை வெட்டுவதற்குப் பாவிக்கிறீர்கள், சிக்கல் அதுதான். கமரா வீடியோவைச் சுருக்கும் முறைகளான எச்.264, எச்.265 இரண்டும் இடைக்கிடை ஒரு பிரேமை மட்டும் முழுதாக வைத்துக்கொண்டு, நடுவில் உள்ளவற்றுக்கு 'முந்தியதிலிருந்து என்ன மாறியது' என்று குறிப்பு மட்டும் எழுதிவைக்கும். நேராக ஓடும்போது பிரச்சினை இல்லை. நீங்கள் நடுவில் ஒரு பிரேமில் கத்தியை வைத்தால், கணினி பின்னால் போய் முழுப் பிரேமைத் தேடி அங்கிருந்து கணக்குப் போட்டு வரவேண்டும். எச்.265இல் கணக்கு இன்னும் பாரம்.

வெட்டுவதற்கென்றே செய்த வகைகளான டிஎன்எக்ஸ்எச்ஆர், புரோரெஸ் இரண்டிலும் ஒவ்வொரு பிரேமும் தனித்து முழுதாக நிற்கும். பைல் பெருக்கும், வேலை இலகுவாகும். தரம் ஏறாது, சரியான வகையைத் தெரிந்தால் கண்ணுக்குத் தெரியக் குறையவும் மாட்டாது. ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் பைல்களை இழுத்துப் போட்டு, தொழிற்பட்டியலில் டிஎன்எக்ஸ்எச்ஆர் தெரியுங்கள். அதற்குள் வகை கேட்கும். கமரா 8 பிட்டில் (நிறப் படிகள் குறைவு) எடுத்ததென்றால் எஸ்கியூ போதும். 10 பிட் (நிறப் படிகள் கூட) என்றால் எச்கியூஎக்ஸ்தான். எஸ்கியூவும் எச்கியூவும் 8 பிட், பிறகு நிறம் திருத்தும்போது வானத்தில் படிப்படியாகக் கோடு விழும்.

இடத்தை முதலே கணக்குப் பாருங்கள். எஸ்கியூவில் 25 பிரேம் முழு எச்டி ஒரு மணித்தியாலம் ஏறத்தாழ 55 ஜிபி. 4கே 200 ஜிபியைத் தாண்டும். லப்டொப் டிஸ்க் தாங்காது. அதனால் உங்களுக்கு எங்கள் யோசனை புரொக்சி: மூலப் பைலைத் தொடாமல், அதற்கு ஒரு சின்ன நிழல் செய்து நிழலை வெட்டுவது. ரிசோல்வின் மீடியா பக்கத்தில் கிளிப்புகளைத் தெரிந்து, வலது கிளிக்கில் 'ஜெனரேட் புரொக்சி மீடியா'. முதலே புரொஜெக்ட் செற்றிங்கில் அளவைக் கால்வாசி, வகையை டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி (அதில் மிகச் சின்னது) என்று வைத்திருங்கள். இறுதியில் வெளியே எடுக்கும்போது மூலப் பைலே போகும்.

இரண்டு எச்சரிக்கை. ரைம்லைனின் (கிளிப்புகளை அடுக்கி வெட்டும் வரிசையின்) பிரேம் எண்ணிக்கையைப் பைல் போட முன்னரே 25 என்று வையுங்கள், பிறகு மாற்ற விடாது. மற்றது, மாற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அரைவாசியில் நின்ற பைல் பெரும்பாலும் திறக்காது. அதன் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது. யூபிஎஸ் இல்லாத கணினியில் 40 கிளிப்பை ஒரே பைலாக ஒட்டி மாற்றாமல் தனித்தனியாக விடுங்கள்.

கேள்வி: போனில் எடுத்த பேச்சை ரைம்லைனில் வைத்தால் தொடக்கத்தில் வாயும் சத்தமும் பொருந்துகிறது, 20 நிமிடத்தில் விலகிப் போகிறது.
– வாசகர், சாவகச்சேரி

பதில்: போன் 30 பிரேம் என்று சொல்லும், ஆனால் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப 28, 29 என்று மாற்றிக்கொண்டே இருக்கும். மீடியாஇன்போ மென்பொருளில் பிரேம் ரேட் மோட் 'வேரியபிள்' என்று காட்டினால் இதுதான் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற மாற்றும் மென்பொருளில் திறந்து, வீடியோப் பகுதியில் 30, அதன் கீழ் 'கொன்ஸ்டன்ட்', தரம் ஆர்எப் 18 வைத்து மாற்றிவிட்டு ரைம்லைனில் போடுங்கள். ஐபோன் என்றால் கமரா செற்றிங்கில் பால் வகைகளைக் காட்டு என்பதை இயக்கி, அடுத்த முறை 25இலேயே எடுக்கலாம்.

கேள்வி: பழைய ஹாண்டிகாம் காட்டிலிருந்து எம்டிஎஸ் வீடியோப் பைல்களை மட்டும் எடுத்து வைத்தேன். கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு.
– வாசகி, பருத்தித்துறை

பதில்: அது 50i என்ற முறையில், ஒன்றுவிட்ட வரியாக எடுத்த படம். ஹேண்ட்பிரேக்கின் பில்டர் பகுதியில் டிஇன்டர்லேஸ் 'யாடிப்', முன்தெரிவு 'பொப்', பிரேம் 50 வையுங்கள். கோடு போகும், அசைவும் வழுவழுப்பாக நிற்கும். இனி எடுக்கும்போது எம்டிஎஸ்ஸை மட்டும் பொறுக்காமல் காட்டிலுள்ள 'பிரைவேட்' கோப்புறையை அப்படியே பிரதி செய்யுங்கள். நீண்ட பதிவைக் கமரா பல துண்டாக உடைத்து வைத்திருக்கும்; எந்தத் துண்டு எதன் தொடர்ச்சி என்ற குறிப்பு அந்தக் கோப்புறைக்குள்தான் இருக்கிறது.