விலைச்சீட்டு திரையாக மாறினால் மளிகை பட்ஜெட் என்ன ஆகும்?

கேள்வி: நான் மளிகை வாங்கும் சூப்பர் மார்க்கெட்டில் காகித விலைச்சீட்டுகளை எடுத்துவிட்டுச் சின்னச் சின்ன டிஜிட்டல் திரைகளை வைத்துவிட்டார்கள். கூட்ட நேரத்தில் விலையை ஏற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இனி மாத பட்ஜெட்டை எப்படிப் போடுவது?

பதில்: ஏற்ற முடியுமா என்றால், முடியும். 2,300 கடைகளில் இந்தத் திரைகளை வைக்கப்போவதாக 2024-இல் அமெரிக்காவின் வால்மார்ட் அறிவித்தது. ஊழியர் இரண்டு நாள் சீட்டு மாற்றும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதுதான் அது சொன்ன காரணம். அதே ஆண்டு அமெரிக்க செனட்டர்கள் எலிசபெத் வாரனும் பாப் கேசியும் அந்நாட்டு சூப்பர் மார்க்கெட் நிறுவனமான க்ரோகருக்குக் கடிதம் எழுதி, உங்களுக்கு வந்த அதே சந்தேகத்தைக் கிளப்பினார்கள். நார்வேயில் 'ரேமா 1000' என்ற பெயருள்ள சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் கடைகளில் இந்தத் திரைகள் பல வருடங்களாக இருக்கின்றன. அங்கே கடை திறந்திருக்கும்போது விலையை இறக்குவார்கள், ஏற்ற மாட்டார்கள். உங்கள் கடையில் என்ன வழக்கம் என்று மேலாளரிடமே கேளுங்கள், தப்பில்லை.

என்னைக் கேட்டால், திரையைவிட உங்கள் கையில் இருக்கும் போன்தான் கவலை. அலமாரியில் தெரியும் விலை அங்கே நிற்கும் எல்லோருக்கும் ஒன்றுதான். கடையின் செயலியில் வரும் கூப்பன் அப்படியில்லை; நீங்கள் இதுவரை வாங்கியதைப் பார்த்து உங்களுக்கென்று ஒன்று, பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறொன்று என்று அனுப்ப முடியும்.

சரி, பட்ஜெட்டுக்கு வருவோம். கடைசி மூன்று மாத பில்களை எடுத்து, அடிக்கடி வாங்கும் பத்துப் பொருட்களுக்கு மட்டும் கிலோ விலையோ லிட்டர் விலையோ எழுதி வையுங்கள். பாக்கெட் விலையை எழுதாதீர்கள். விலை அப்படியே இருக்க, எடை மட்டும் குறைந்திருக்கும். அந்தப் பட்டியல் கையில் இருந்தால், திரையில் 'சலுகை' என்று மின்னுவது உண்மையிலேயே மலிவுதானா என்று அங்கேயே தெரிந்துவிடும். மூன்று மாதச் சராசரியோடு நூற்றுக்கு ஐந்து சேர்த்து ஒதுக்குங்கள், போதும்.

விலை அதிகமான பொருளை எடுக்கும்போது திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் கூடுதலாக வந்தால் கவுன்டரிலேயே காட்டிக் கேட்கலாம். அப்புறம், விலை இறங்கும் நேரம் பார்த்துக் கடைக்கு அலைய வேண்டாம். காலாவதித் தேதி நெருங்கியதால் விலை குறைத்த பொருள் கண்ணில் பட்டால், இரண்டு நாளுக்குள் சமைக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் எடுங்கள்.