பிக்கப் வண்டிக்கு எந்தத் தார்ப்பாய் வாங்கலாம்?

காரைக்குடியில் ஆத்தங்குடித் தரைக்கல்லும் பழைய மரச்சாமானும் ஏற்றுவதாகச் சொல்கிறீர்கள். கல்லுக்கு மழை பெரிய எதிரி இல்லை; அதுவே தண்ணீர்த் தொட்டியில் ஊறி வந்ததுதான். கவலை தேக்குக் கதவுக்குத்தான்.

நீல பிளாஸ்டிக் பாய் மலிவு, ஆனால் நம்ம ஊர் வெயிலில் சீக்கிரம் நார்நாராகிவிடும். கித்தானுக்குள் காற்றுப் போகும்; நனைந்தால் தூக்கத் தனி ஆள் வேண்டும். நான் பிவிசி பூச்சுள்ள, 500 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்டதைத்தான் சொல்வேன். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டரின் கிராம் எடை.

கடையிலேயே, பாயின் ஓரத்தில் கயிறு கட்டும் வளையத்தில் விரல் விட்டு இழுத்துப் பாருங்கள். ஓரம் கயிறு வைத்து மடித்துத் தைத்திருக்க வேண்டும். முதலில் கிழிவது அங்கேதான். அப்புறம், பாய்க்கு அடியில் வண்டியின் நடுவில் இரும்புக் குழாயை வளைத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் பாய்மேல் ஊருணியே கட்டிவிடும்.